சீடன்: சொல் விளக்கம்

பழைய தமிழ் வேதாகமத்தில் ‘சீஷன்’. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பில் ‘சீடர்’. பேச்சில் ‘சிஷ்யன்’. மூன்றும் ஒரே சொல்தான். ‘சிஷ்ய’ என்ற வடசொல் தமிழ் நாவுக்கு ஏற்பச் சீடன் ஆனது.

இதன் வேர் ‘சாஸ்’. கற்பிப்பது, திருத்துவது, கட்டுக்குள் வைப்பது எல்லாம் அதற்குள் அடக்கம். சாஸ்திரமும் சாசனமும் அதே வேரிலிருந்து வந்தவை. ஆக, பாடம் கேட்பவன் எல்லாம் சீடன் ஆகிவிட மாட்டான். திருத்தினால் திருந்தக்கூடியவன்தான் சீடன். புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் உள்ள சொல் ‘மதேதேஸ்’, அதாவது கற்றுக்கொள்பவன். ஒரு வியப்பு: இந்தச் சொல் நான்கு சுவிசேஷங்களிலும் அப்போஸ்தலர் நடபடிகளிலும் திரும்பத் திரும்ப வருகிறது, நிருபங்கள் எனப்படும் கடிதங்களில் ஓரிடத்தில்கூட இல்லை. அங்கே சகோதரர், பரிசுத்தவான்கள் என்ற அழைப்புகள் வந்துவிடுகின்றன. சீஷர்களுக்குக் கிறிஸ்தவர்கள் என்ற பெயர் முதன்முதலில் வழங்கியது அந்தியோகியாவில். அதற்கு முன்பே அவர்கள் சீஷர்கள்தான்.

சொல்லின் முழுப் பொருளையும் பார்க்க, பழைய ஏற்பாட்டில் எலியா என்ற தீர்க்கதரிசிக்கும் அவர் சீடன் எலிசாவுக்கும் நடந்த கதைக்குத்தான் போக வேண்டும். பன்னிரண்டு ஏர் பூட்டிய வயலில் எலிசா உழுதுகொண்டிருக்கிறான். எலியா கடந்து போகிறபோது தன் சால்வையை அவன்மேல் போடுகிறார். எலிசா ஓர் ஏர் மாடுகளை அடித்து, ஏரின் மரத்தையே விறகாக்கிச் சமைத்து, ஜனங்களுக்குப் பரிமாறிவிட்டு அவர் பின்னே போகிறான். திரும்பி வந்து பிடிக்க இனி கலப்பை இல்லை. பின்னாளில் அவனை அடையாளம் சொல்கிற ஒருவர் சொன்னது இது: “எலியாவின் கைகளுக்குத் தண்ணீர் வார்த்தவன்.” தீர்க்கதரிசி என்றுகூடச் சொல்லவில்லை. அந்தத் தண்ணீர் வார்த்த கைதான் அப்புறம் கீழே விழுந்த சால்வையை எடுத்து யோர்தான் ஆற்றை அடித்தது.

கடைசிப் பயணத்தில் கில்காலிலும் பெத்தேலிலும் எரிகோவிலும் “நீ இங்கே இரு” என்கிறார் எலியா. மூன்று முறையும் எலிசாவின் பதில் ஒன்றே: உம்மை விடுகிறதில்லை. பிறகு அவன் கேட்பது இரட்டிப்பான பங்கு. அது நியாயப்பிரமாணத்தில், அதாவது மோசேயின் சட்டத்தில், மூத்த மகனுக்கு உரிய பங்கு. பிள்ளையாகப் பிறக்காதவன் பிள்ளையின் பங்கைக் கேட்கிறான். எலியா எடுத்துக்கொள்ளப்படும்போது அவன் கதறுவதும் “என் தகப்பனே, என் தகப்பனே” என்றுதான்.

இப்படி ஊழியத்தின் தலைமை ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குக் கைமாறுவதைப் பேசும்போது இன்று பலர் எடுத்தவுடன் ‘வாரிசு’ என்கிறார்கள். அரபியிலிருந்து வந்த அந்தச் சொல் சொத்துக்குப் பொருந்தும், ஊழியத்துக்குப் பொருந்தாது என்பது என் உறுதியான எண்ணம். ஆசாரியன் ஏலியின் குமாரரும் தீர்க்கதரிசி சாமுவேலின் குமாரரும் இரத்த உறவால் வந்தவர்கள், தகப்பன்மாரின் வழியில் நடக்கவில்லை. அருகிலேயே இருந்தாலும் போதாது. எலிசாவின் வேலைக்காரன் கேயாசி கூடவே இருந்தவன்தான். எலிசாவால் குஷ்டம் நீங்கிய நாகமானின் வெள்ளிக்கு ஆசைப்பட்டுக் குஷ்டரோகியாய் வெளியே போனான்.

வேதாகமம் இதற்கு வைத்திருக்கும் சொல் ‘ஒப்புவி’. தன்னிடம் கேட்டவற்றை, மற்றவர்களுக்குப் போதிக்கத்தக்க உண்மையுள்ள மனுஷரிடம் ஒப்புவிக்கச் சொல்கிறார் அப்போஸ்தலன் பவுல், தன் இளைய உடன் ஊழியன் தீமோத்தேயுவுக்கு. பவுல், தீமோத்தேயு, உண்மையுள்ள மனுஷர், மற்றவர்கள் என்று ஒரே வாக்கியத்துக்குள் நான்கு தலைமுறை! கிரேக்கத்தில் அந்த வினை, விலையுள்ள பொருளை நம்பிக்கையான ஒருவரிடம் காக்கக் கொடுப்பதைக் குறிக்கும். வாங்கியவர் அதற்கு உடைமையாளர் அல்ல, காவலர். சிலுவையில் இயேசு “உம்முடைய கைகளில் என் ஆவியை ஒப்புவிக்கிறேன்” என்று சொன்னதும் அதே வினைச்சொல். இதை முதலில் கவனித்த அன்று என்னால் மேற்கொண்டு படிக்க முடியவில்லை.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? கற்பவன் என்ற பொருளுக்கு ‘மாணாக்கன்’ இருக்கிறது. மாணாக்கன் ஆசிரியரிடம் பழகும் விதத்தை நன்னூல் ‘அழலின் நீங்கான் அணுகான் அஞ்சி, நிழலின் நீங்கான் நிறைந்த நெஞ்சமொடு’ என்கிறது. குளிர்காய்பவன் நெருப்பை விட்டு விலகவும் மாட்டான், மிக நெருங்கவும் மாட்டான். அதோடு நிழல்போல் பிரியாதிருக்க வேண்டும். எலிசாவுக்கு இதைவிடப் பொருத்தமான தமிழ் எனக்குத் தெரியவில்லை. ஆனால் இன்று மாணாக்கன் என்றதும் வகுப்பறைதான் நினைவுக்கு வருகிறது. அதனால் ஆளைச் சொல்ல ‘சீடன்’ என்றே எழுதுகிறேன். தமிழாகவே ஊறிவிட்ட சொல் அது. ‘சீடத்துவம்’ என்று நீட்டும் இடங்களில் மட்டும் ‘அடியொற்றுதல்’ என்கிறேன். கிறிஸ்துவின் அடிச்சுவடுகளைத் தொடரச் சொல்லும் பேதுருவின் நிருபத்துக்கும் அது ஒத்துப்போகிறது. தலைமை கைமாறுவதற்கு ‘ஒப்படைப்பு’.