ஆற்றங்கரைக்கு ஒரு கம்பெனி வரும் முன்பு

பல வருடங்களுக்கு முன், வடசென்னையில் ஒரு கால்வாய்க் கரையில் வீடுகளைக் கணக்கெடுக்கப் போன குழுவில் நானும் இருந்தேன். நீல பெயிண்ட், ஒரு பிரஷ், ஒரு கட்டு படிவம். கதவில் எண் போடுவோம். குடும்பத் தலைவர் பெயர், ரேஷன் கார்டு எண், எத்தனை வருடமாக இருக்கிறீர்கள், அவ்வளவுதான் கேள்வி. ஒரு வீட்டில் அம்மா, இரண்டு மகன்கள், மருமகள்கள், பிள்ளைகள் என்று எட்டுப் பேர். "அடுப்பு ரெண்டு தம்பி, ஒண்ணா எழுதாத" என்றார் அந்த அம்மா. உள்ளே கூட்டிப்போய்க் காட்டவும் செய்தார். ஒரு மூலையில் மண்ணெண்ணெய் ஸ்டவ், இன்னொரு மூலையில் கேஸ். படிவத்தில் ஒரு கதவுக்கு ஒரு வரிதான் இருந்தது. எட்டுப் பேரையும் அந்த ஒரு வரியில் எழுதினேன். கரையிலிருந்து மாற்றுவதற்கான வீட்டு ஒதுக்கீட்டு ஆணை வந்தபோது எட்டுப் பேருக்கும் சேர்த்து ஒரே வீடு. என் கையெழுத்தில் நடந்த தவறு அது. இன்றும் உறுத்துகிறது.

நகரமைப்பு வேலையில் இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆற்றங்கரைத் திட்டம் என்றால் எல்லோர் கண்ணும் முதலில் வண்ணப் படத்துக்குத்தான் போகிறது: நடைபாதை, மரம், பெஞ்சு, மாலை வெளிச்சம். வேலை நடக்கும் வரிசையில் அந்தப் படம் கடைசி. அதற்கு முன்பே புல எண்களின் (சர்வே நம்பர்) பட்டியலும், குடும்பங்களின் கணக்கும், அந்தத் திட்டத்துக்கென்று தொடங்கும் நிறுவனத்தின் பங்குப் பிரிவும் முடிவாகிவிடும். அவை முடிவாகும் காலத்தில் கரையில் இருப்பவர்களிடம் யாரும் படம் காட்டுவதில்லை.

கரையைச் சீரமைக்க எதற்காகத் தனி நிறுவனம்? காரணம் நியாயமானதுதான். எண்ணூர்ப் பக்கம் ஒரு கிலோமீட்டர் நடந்து பாருங்கள். ஆறு நீர்வளத் துறையுடையது, கரைப் புறம்போக்கு வருவாய்த் துறையுடையது, உப்பள நிலம் மத்திய அரசுடையது, சாம்பல் குட்டை மின்வாரியத்துடையது. அப்புறம் துறைமுகம், ரயில்வே, மாநகராட்சி. ஒரு மதகைத் தூர்வாரச் சொல்லி மூன்று துறைக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். மூன்றிலிருந்தும் வந்த பதில், அது எங்கள் எல்லையில் இல்லை என்பதுதான். ஓட்டேரி நல்லாவும் பக்கிங்காம் கால்வாயும் இத்தனை வருடம் இந்த நிலையில் கிடப்பதில் இந்த எல்லைத் தகராறுக்குப் பெரிய பங்கு உண்டு. எல்லாவற்றையும் ஒரே கையில் கொடுத்தால் வேலை நகரும். அதனால் நிறுவனமே கூடாது என்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால் நிறுவனம் என்றால் அதற்கு வரவு வேண்டும். அரசு தரும் பணம் ஒரு கட்டத்தில் நின்றுவிடும். அதற்குப் பிறகு அதன் கையில் இருக்கும் முதல், நிலம்தான். அகமதாபாத்தில் 1997-ல் மாநகராட்சி சபர்மதி கரைக்காக ஒரு நிறுவனம் தொடங்கியது. இரு கரையிலும் 11 கிலோமீட்டருக்கு மேல் சுவர் எழுப்பி, ஆற்றை 263 மீட்டர் என்ற ஒரே அகலத்துக்குள் கொண்டுவந்தார்கள். ஆற்றிலிருந்து சுமார் 200 ஹெக்டேர் புது நிலம் கிடைத்தது. அதில் ஒரு பகுதியை விற்றுச் செலவை ஈடுகட்டுவது என்பது கணக்கு. தண்ணீர் நர்மதைக் கால்வாயிலிருந்து வருகிறது. சாயங்காலம் அந்தக் கரையில் நடந்திருக்கிறேன். பிள்ளைகள் ஓடி விளையாடுகிறார்கள், நன்றாகத்தான் இருக்கிறது. அதே கரையிலிருந்து 10,000-க்கும் மேற்பட்ட குடும்பங்கள் இடம் மாறின. மாற்று வீட்டுக்காக உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

துறைமுகத்தை ஒட்டி வாழும் நமக்கு லண்டன் கதை இன்னும் நெருக்கம். பழைய கப்பல் துறைகள் மூடிய பிறகு, 1981-ல் அரசு ஒரு வளர்ச்சிக் கழகத்தை அமைத்தது. சுமார் 22 சதுர கிலோமீட்டருக்குக் கட்டட அனுமதி கொடுக்கும் அதிகாரம் உள்ளூர் மன்றங்களிடமிருந்து அதன் கைக்குப் போனது. கழகத்தின் குழுவை அரசு நியமித்தது. 1998-ல் கழகம் கலைக்கப்பட்டபோது கோபுரங்களும் ரயிலும் வந்திருந்தன. ஆனால் கப்பல்துறைத் தொழிலாளர் குடும்பங்கள் கேட்டது, கட்டுப்படியாகும் வாடகை வீடும் தங்களுக்குத் தெரிந்த வேலையும்.

சபர்மதியில் செய்ததை நம் கொசஸ்தலை ஆற்றில் செய்ய முடியாது. பூண்டி ஏரியின் மதகைத் திறந்தால் தண்ணீர் மணலி புதுநகரைத் தொட்டுக்கொண்டு எண்ணூர் முகத்துவாரத்துக்குத்தான் வரவேண்டும். அந்த முகத்துவாரமோ மணல் மூடிக்கொள்ளும் இயல்புடையது. அதை ஒட்டிய உப்பங்கழியில் ஏற்கெனவே அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து ஆழம் குறைந்திருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு எண்ணெயும் இந்தக் கழிக்குள் வந்து, வலையிலும் படகிலும் அலையாத்திச் செடியிலும் கறுப்பாக அப்பிக்கொண்டதை எல்லோரும் பார்த்தோம். இங்கே ஆற்றின் அகலம்தான் நமக்குப் பாதுகாப்பு. நிலம் எடுப்பதற்காக அதைக் குறுக்கினால் தண்ணீர் வீட்டுக்குள் வரும்.

வரைபடத்தில் 'நீர்ப்பரப்பு' என்று நீலமாக இருக்கும் இடத்தில் வேலை செய்கிறவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். தண்ணீர் வற்றும் நேரத்தில் பெண்கள் கழியில் இறங்குவார்கள். இடுப்பளவு நீரில் குனிந்து, சேற்றைக் கையால் தடவி இறால் எடுப்பார்கள். இரண்டு கையும் வேலையில் இருப்பதால், பிடித்ததைப் போடும் பறிக்கூடையைப் பல்லால் கவ்விக்கொண்டிருப்பார்கள். எந்தக் குழியில் எந்த மாதம் இறால் கிடக்கும் என்பது அவர்கள் விரலுக்குத் தெரியும். பழவேற்காட்டில் 'பாடு' என்று சொல்வார்கள்: யார், எந்த நாள், எந்த இடத்தில் வலை கட்டலாம் என்று கிராமங்கள் தங்களுக்குள் வைத்திருக்கும் முறை. இந்த உரிமைக்குப் புல எண் கிடையாது, பட்டா கிடையாது. கணக்கெடுப்புப் படிவத்தில் அதற்கு ஒரு கட்டமும் கிடையாது. இவர்களுக்கு நகரத்தின் தெற்குக் கோடியில், பெரும்பாக்கத்தில் வீடு கொடுத்தால், வற்றம் பார்த்து ஆற்றுக்கு வருவது எப்படி?

சென்னையில் இது தூரத்து விஷயம் இல்லை. அடையாற்றைச் சீரமைக்க 2024-25 பட்ஜெட்டில் 1,500 கோடி ரூபாய்த் திட்டம் அறிவிக்கப்பட்டது, அதுவும் தனியார் பங்களிப்போடு. நாளைக்கு அதே மாதிரி வடக்கே வந்தால் என்ன கேட்பது?

முதலில் புல எண் பட்டியல். எந்தெந்த நிலம் நிறுவனத்தின் பெயருக்குப் போகிறது, குத்தகையா சொந்தமா, அதில் எவ்வளவு விற்பனைக்கு. இதை எழுத்தில் வாங்கிவிட்டால் மற்ற கேள்விகள் தானாக வரும். எண்ணூர் மாதிரி அலை ஏறி இறங்கும் கழிகளுக்கு, கரையிலிருந்து 50 மீட்டர் அல்லது கழியின் அகலம், எது குறைவோ அதுவரை கடலோர ஒழுங்குமுறை விதியின் கட்டுப்பாடு உண்டு என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். 2019 அறிவிக்கைக்கு முந்தைய விதியில் அது 100 மீட்டராக இருந்தது.

அடுத்தது பங்கு. மத்திய அல்லது மாநில அரசிடம் 51 சதவீதத்துக்குக் குறையாமல் பங்கு இருந்தால் அது சட்டப்படி அரசு நிறுவனம். தணிக்கை, இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் பார்வைக்கு வரும். மாநில அரசு பங்குதாரராக இருந்தால் ஆண்டறிக்கை சட்டமன்றத்தில் வைக்கப்பட வேண்டும். இயக்குநர் குழுவில் உங்கள் வார்டு சார்பில் யார் உட்காருகிறார் என்று கவுன்சிலரிடமே கேட்கலாம். வார்டுக்குள் பகுதி மக்களைக் கூட்டி நடத்தும் ஏரியா சபைக் கூட்டம் அதற்கு நல்ல இடம்.

வீட்டுக் கணக்கெடுப்புக்கு வருகிறேன், ஏனென்றால் அதிகம் பேர் தோற்பது இங்கேதான். கணக்கெடுக்கும் தேதியை முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். அன்றைக்குக் கடலுக்குப் போயிருந்தால் "பூட்டிய வீடு" என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள், அப்புறம் அதைத் திருத்த அலைய வேண்டும். கல்யாணமான பிள்ளைக்குத் தனி ரேஷன் கார்டு இப்போதே எடுங்கள். பழைய கரண்டு பில், பள்ளிக்கூடச் சான்று, ஓட்டர் ஐடி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, வெள்ளம் ஏறாத உயரத்தில் வையுங்கள். பூர்த்தி செய்த படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் செல்போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது நான் கணக்கெடுக்கப் போகும்போது படிவத்தில் அடுப்புக்கென்று தனிக் கட்டம் போட்டுக்கொண்டு போகிறேன். படகு கரையேறிய பிறகு, மாலையில்தான் ஆரம்பிப்போம். கடைசியாகப் போன இடத்தில் ஒரு பெரிய தாளை விரித்து ஆற்றை வரைந்தோம். எந்த இடத்தில் இறால், எந்த இடத்தில் நண்டு, எங்கே படகு கட்டுவது என்று பெண்களே புள்ளி வைத்தார்கள். தாளைச் சுருட்டும்போது ஒருவர் கையை வைத்துத் தடுத்தார். "எங்களுக்கு ஒரு ஜெராக்ஸ் குடுத்துட்டு எடுத்துட்டுப் போங்க சார்."