மூட்டுவலி மாத்திரைக்குக் கணையத்தில் என்ன வேலை?

கோலாலம்பூர் செந்தூலிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு ஸ்கேன் எடுத்தபோது கணையத்தில் நீர்க்கட்டி தெரிந்ததாம். "மூட்டுவலி மாத்திரை ஒன்று அதைப் புற்றாகாமல் தடுக்குமாமே, வாங்கிக் கொடுக்கலாமா?"

அவர் சொல்வது சுலிண்டாக்; 1970களிலிருந்து புழங்கும் மருந்து. சளி சுரக்கும் வகைக் கணைய நீர்க்கட்டி உள்ளவர்களிடம் அதைச் சோதிக்கும் முயற்சியை அமெரிக்காவின் மேயோ கிளினிக் முன்னெடுத்தது. ஆஸ்பிரினைப் போலவே உடலில் அழற்சியைத் தூண்டும் காக்ஸ் என்ற நொதியை அடக்கி அழற்சியைத் தணிக்கும், அவ்வளவுதான். எனக்கு வியப்பளிப்பது மருந்தல்ல, கணையச் செல்.

கணையத்தின் பெரும்பகுதி செரிமான நொதிகளைச் சுரக்கும் செல்களே. அழற்சி வந்தால் அந்த நொதிகள் இருந்த இடத்திலேயே விழித்துக்கொண்டு கணையத்தையே செரிக்கத் தொடங்கும். உடனே செல் சுரப்பை நிறுத்தி, நொதியே தயாரிக்காத குழாய்ச் செல்லாக உருமாறிவிடுகிறது. கலவரத் தெருவில் கடைக்காரர் கதவை இழுத்து மூடி, பெயர்ப்பலகையையும் கழற்றிவிடுவதைப் போல! அமைதி திரும்பியதும் பழைய வடிவத்துக்கு வந்துவிடும். ஆனால் செல் பெருக்கத்தைக் கட்டுப்படுத்தும் கேராஸ் என்ற மரபணு பிறழ்ந்த செல் திரும்புவதில்லை. மாறிய கோலத்திலேயே பெருகுகிறது. கணையப் புற்றுகளில் 90 சதவீதத்துக்கும் மேல் இந்தப் பிறழ்வு உண்டு.

பிறழ்வு மட்டும் போதுமா? 2007இல் ஸ்பெயின் ஆய்வாளர்கள் வளர்ந்த எலிகளின் சுரப்புச் செல்களில் அதைப் புகுத்தினார்கள், புற்று வரவில்லை. நாள்பட்ட அழற்சியையும் தூண்டியபோது வந்தது. 2021இல் வெளியான இன்னோர் எலி ஆய்வு, ஒரே ஒரு அழற்சி ஆறிய பின்னும் செல்கள் அதை நினைவில் வைத்திருப்பதைக் காட்டியது. அழற்சியை அடக்கிப் பார்க்கலாமே என்ற யோசனைக்கு அடிப்படை இதுதான்.

அதற்காக மருந்தகத்துக்கு ஓட வேண்டாம். சுலிண்டாக் இரைப்பையைப் புண்ணாக்கலாம், சிறுநீரகத்தைக் கெடுக்கலாம். அரிதாகக் கணைய அழற்சியையே வரவழைக்கலாம். இதே குடும்பத்து வலி மாத்திரையான வயாக்ஸ், குடல் கட்டிகளைத் தடுக்குமா என்று சோதித்தபோது மாரடைப்பு அபாயத்தைக் கூட்டுவது தெரியவந்து, 2004இல் சந்தையைவிட்டே போனது.

காப்புரிமை முடிந்த மாத்திரையைச் சோதிப்பதில் நிறுவனங்களுக்குப் பெரிய லாபம் இல்லை. இத்தகைய சோதனைகளுக்கு அரசுப் பணம்தான் வர வேண்டும். நம் நாட்டு அரசும் கொடுக்க வேண்டும் என்பேன். டுரியான் பெலாண்டா (முள் சீத்தா) இலையைக் காய்ச்சிக் குடித்தால் புற்று கரையும் என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்களுக்கு எந்தச் சோதனையும் தேவைப்படுவதில்லை, அது வேறு கதை.

வாசகிக்கு: அப்பா சிகரெட் பிடிப்பவரானால் முதலில் அதை நிறுத்தச் சொல்லுங்கள். அடுத்த ஸ்கேன் எப்போது என்று மருத்துவரிடம் கேளுங்கள். பழைய படங்களையும் கொண்டுபோங்கள். கட்டி வளர்ந்திருக்கிறதா என்பதை ஒப்பிட்டால்தான் தெரியும்.