ஈக்விட்டி: மழலையர் வகுப்பறையில் ஒப்புரவு

அமெரிக்காவில் மழலையர் பள்ளி ஆசிரியர்கள் தங்கள் தொழில் இலக்குகளை எழுதும்போது அடிக்கடி இடம்பெறும் இரண்டு சொற்கள் டைவர்சிட்டி, ஈக்விட்டி. முதலாவதைத் தமிழில் சொல்வதில் சிக்கல் அதிகம் இல்லை. பன்மை, பன்முகத்தன்மை, பல்வகைமை என்று எதைச் சொன்னாலும் புரியும். இரண்டாவதைத்தான் 'சமத்துவம்' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். சமத்துவம் என்பது ஈக்குவாலிட்டிக்கு, அதாவது எல்லோருக்கும் ஒரே அளவு என்பதற்கு, உரிய சொல். ஈக்விட்டியோ அவரவர் நிலைக்கு ஏற்பத் தருவது. சமத்துவத்தையே இதற்கும் போட்டால், ஆசிரியர் எழுதிய இலக்கின் உயிரே போய்விடுகிறது.

இரண்டு சொற்களுக்கும் வேர் ஒன்றுதான். இலத்தீனில் 'ஈக்வஸ்' என்றால் மேடுபள்ளம் இல்லாதது, சமமானது. அதிலிருந்து பிறந்த 'ஈக்விடாஸ்' ரோமானியரிடம் நியாய உணர்வைக் குறித்தது. இந்தக் கருத்து அதற்கும் மூத்தது. சட்டம் பொதுவாகத்தான் பேசும், ஒவ்வொருவர் நிலையையும் அதனால் முன்கூட்டிப் பார்க்க முடியாது, அந்தக் குறையைச் சரிசெய்வதே உயர்ந்த நியாயம் என்றார் அரிஸ்டாட்டில். லெஸ்போஸ் தீவின் கட்டடக்காரர்கள் ஈயத்தால் செய்த அளவுகோலை அதற்கு உவமை சொன்னார். கல்லின் வடிவத்துக்கு ஏற்ப அது வளைந்துகொடுக்கும்.

இங்கிலாந்தில் இந்தச் சொல் நீதிமன்றத்துக்குள் நுழைந்தது. பொதுச்சட்டத்தின் இறுக்கத்தால் நீதி கிடைக்காதவர்கள் மன்னரிடம் முறையிட, அந்த மனுக்களை மன்னரின் உயர் அதிகாரியான சான்சலர் தன் நீதிமன்றத்தில் விசாரித்தார். அங்கே வளர்ந்த நெறிகளுக்கு ஈக்விட்டி என்று பெயர். அடமானம் வைத்தவர் கடனைக் கட்டிச் சொத்தை மீட்கும் உரிமையையும் அதே நீதிமன்றம் காத்தது. சொத்தில் ஒருவருக்கு உள்ள பங்கு என்ற பொருள் அந்த வழியாக வந்தது. இன்று பங்குச் சந்தையில் கேட்கும் ஈக்விட்டியும் இதே சொல்தான்.

சரி, குழந்தைகளிடம் வருவோம். நம் அங்கன்வாடியில் இந்தக் கருத்து பெயர் சொல்லாமலே இருக்கிறது. 2013-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் மூன்று முதல் ஆறு வயதுக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 500 கிலோகலோரி என்று வகுத்தது. ஊட்டச்சத்துக் குறைபாடுள்ள குழந்தைக்கு 800. எல்லோருக்கும் 500 கொடுப்பது சமத்துவம். மெலிந்த குழந்தைக்கு 800 கொடுப்பது ஈக்விட்டி.

அமெரிக்காவில் இந்தச் சொல்லுக்கு இவ்வளவு அழுத்தம் வந்ததற்குக் காரணம் உண்டு. அந்நாட்டுக் கல்வித்துறை 2014-இல் வெளியிட்ட தரவில், பொது மழலையர் பள்ளிகளில் படித்தவர்களில் கறுப்பினக் குழந்தைகள் 18 விழுக்காடு. ஆனால் ஒரு முறைக்கு மேல் இடைநீக்கம் செய்யப்பட்டவர்களில் அவர்கள் 48 விழுக்காடு. நான்கு வயதுக் குழந்தையைப் பள்ளியிலிருந்து இடைநீக்கம் செய்கிறார்கள் என்பதே நெஞ்சைப் பிசைகிறது. அதிலும் யாரை என்று பார்த்தால் இன்னும் வலிக்கிறது. விதி எல்லோருக்கும் ஒன்றாக இருந்தாலும், அதை யார் மீது பிரயோகிக்கிறோம் என்பதைப் பெரியவர்களின் பார்வை தீர்மானிக்கிறது.

அதனால்தான் அந்நாட்டின் இளங்குழந்தைகள் கல்விக்கான தேசியச் சங்கம் 2019-இல் வெளியிட்ட நிலைப்பாட்டு அறிக்கையில், ஆசிரியர் தன் சொந்தச் சாய்வுகளை அறிவதை முதன்மையாக வைத்தது. இலக்கு என்று எழுதினால் அது செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். 'பன்முகத்தன்மையை ஊக்குவிப்பேன்' என்பது வெறும் அறிவிப்பு. 'ஒவ்வொரு குழந்தையின் பெயரையும் அதன் வீட்டார் சொல்கிறபடியே சொல்லப் பழகுவேன்', 'இந்த மாதம் யாரை எத்தனை முறை அதட்டினேன் என்று குறித்துவைப்பேன்', 'வீட்டில் வேறு மொழி பேசும் குழந்தைக்கு அந்த மொழியிலும் கதை கேட்க வழிசெய்வேன்' என்றெல்லாம் எழுதினால் அவை இலக்குகள்.

இதற்குத் தமிழில் என்ன சொல்? 'சமநீதி' என்று சிலர் எழுதுகிறார்கள். தவறில்லை, ஆனால் 'சம' வந்தாலே மனம் சரிபாதிக்குப் போய்விடுகிறது. 'நியாயம்' எளியது, ஆனால் மிகப் பொதுவானது. சட்டத் தமிழில் ஈக்விட்டிக்கு வழங்கும் 'ஒப்புரவு'தான் பொருத்தம் என்பது என் கருத்து. குறளில் 'ஒப்புரவறிதல்' ஓர் அதிகாரம். பரிமேலழகர் அதற்கு உலக நடையை அறிந்து செய்தல் என்று உரை சொல்கிறார். அதே அதிகாரத்தில் 'ஒத்த தறிவான் உயிர்வாழ்வான்' என்று வருகிறது. ஒத்தது என்றால் பொருந்துவது, தகுந்தது. யாருக்கு எது தகும் என்று அறிந்து செய்வது, அரிஸ்டாட்டிலின் ஈய அளவுகோலுக்கு வெகு அருகில் நிற்கிறது.

முதலில் கொஞ்சம் பழந்தமிழாகத் தோன்றலாம். ஆனால் 'ஒப்புரவான வகுப்பறை', 'ஒப்புரவு நோக்கில் உணவுப் பங்கீடு' என்று எழுதிப் பார்த்தால் வாக்கியத்தில் இயல்பாக அமர்கிறது. அப்புறம், சமத்துவம் என்ற சொல்லை ஈக்குவாலிட்டிக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.