அமால்ஃபியா, சிங்க்வே தெர்ரேயா? முன்பதிவுக்கு முன் பார்க்க வேண்டியவை

இத்தாலிப் பயணத்தைத் திட்டமிட்டுத் தரும்படி எங்களிடம் வரும் குடும்பங்களில் பெரும்பாலோர், ரோம், வெனிஸ் ஆகியவற்றோடு ஒரு கடற்கரையும் வேண்டும் என்று சொல்லிக் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டுகிறார்கள். அது பெரும்பாலும் அமால்ஃபி கடற்கரையின் பொசித்தானோவாகவோ, சிங்க்வே தெர்ரேயின் மனரோலாவாகவோ இருக்கும். இரண்டு இடங்களும் 1997இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தவை; அழகில் ஒன்றுக்கொன்று குறைந்தவை அல்ல. ஆகவே ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு எப்படிப் போவது, தங்கும் அறைக்கு எத்தனை படி ஏறுவது என்பவற்றை வைத்தே முடிவெடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சிங்க்வே தெர்ரே, வடமேற்கில் லிகூரியா மாநிலத்தில் உள்ள ஐந்து சிற்றூர்கள். லா ஸ்பெசியாவுக்கும் லெவான்தோவுக்கும் இடையே ஓடும் ரயில் ஐந்திலும் நிற்கிறது. ஊருக்கு ஊர் சில நிமிடப் பயணம்தான். ஆனால் கொர்னீலியா மட்டும் குன்றின்மேல் இருப்பதால், நிலையத்திலிருந்து ஏறத்தாழ 380 படிகள் ஏற வேண்டும்; சிறு பேருந்து உண்டு என்றாலும் ஒவ்வொரு ரயிலுக்கும் அது காத்திருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. குழந்தைகள் மணலில் விளையாட வேண்டுமானால் மோந்தெரோஸ்ஸோவே பொருத்தம். மலைப்பாதையில் நடக்க விரும்புவோர் இலையுதிர்காலத்தில் வானிலை எச்சரிக்கையைத் தவறாமல் பார்க்க வேண்டும்: 2011 அக்டோபர் 25 அன்று பெய்த பெருமழையில் வெர்னாஸாவும் மோந்தெரோஸ்ஸோவும் சேற்றில் புதைந்தன, ரியோமஜ்ஜோரே, மனரோலா ஆகிய ஊர்களை இணைக்கும், 2012இல் பாறை சரிந்து மூடப்பட்ட ‘காதல் பாதை’ 2024இல்தான் மீண்டும் முழுமையாகத் திறக்கப்பட்டது.

நேப்பிள்ஸுக்குத் தெற்கே உள்ள அமால்ஃபி கடற்கரையிலோ, அமால்ஃபி, பொசித்தானோ போன்ற ஊர்களுக்கு ரயிலே இல்லை. செங்குத்தான பாறையைக் குடைந்து போட்ட ஒரே குறுகிய சாலையில்தான் பேருந்து, கார், சுற்றுலா வண்டி எல்லாமே போக வேண்டும். வளைவுதோறும் பேருந்து ஒலியெழுப்பி நிற்க, எதிரே வந்த கார் பின்வாங்கி இடம் விடும். கோடையில் இந்த நெரிசலில் மணிக்கணக்காக நின்றபடி பயணிக்க நேரும். வாந்தி வரும் இயல்புள்ளவர்களுக்கு அது பெரும் அவதி. அதனால் எங்களிடம் வருவோருக்கு இந்தக் கடற்கரையின் கிழக்கு முனையை அடுத்துள்ள சலெர்னோ நகரில் தங்கும்படி சொல்கிறோம். ரோமிலிருந்து அதிவேக ரயிலில் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் வந்துவிடலாம். ஊர் பெரும்பாலும் சமதளம். துறையிலிருந்து படகில் அமால்ஃபிக்கும் பொசித்தானோவுக்கும் போகலாம். படகு பொதுவாக ஏப்ரல் முதல் அக்டோபர் வரைதான் ஓடும். அந்த மாதங்களிலும் கடல் கொந்தளித்தால் நிறுத்திவிடுவார்கள் என்பதால், அன்றே விமானம் பிடிக்கும்படி திட்டமிடக் கூடாது.

மூட்டுவலி உள்ள பெற்றோரோடு போகிறவர்கள் பொசித்தானோவில் அறை எடுப்பதை நான் ஊக்குவிப்பதில்லை. ‘கடல் தெரியும் அறை’ என்று விளம்பரத்தில் இருந்தால் அது மேட்டில் இருக்கிறது என்றே பெரும்பாலும் பொருள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டில்தான் ஏற வேண்டியிருக்கும். சாலையிலிருந்து வாசல்வரை எத்தனை படி, மின்தூக்கி உண்டா என்று விடுதிக்கு எழுதிக் கேட்டு, பதில் வந்த பிறகே பணம் கட்டுங்கள்.

எரிமலைச் சாம்பலில் புதைந்த பண்டைய நகரமான பொம்பேயியைப் பார்க்க விரும்புவோருக்கு அமால்ஃபியும், ஃபுளோரன்ஸ், பீசா, மிலான் பக்கம் போவோருக்கு சிங்க்வே தெர்ரேயும் வழியிலேயே அமையும். ஒரே வாரத்தில் இரண்டையும் சேர்க்கச் சொல்பவர்களுக்கு ஒன்றை விட்டுவிடும்படியே அறிவுறுத்துகிறேன்; இரண்டுக்கும் இடையே மாறுவதற்கே ஏறத்தாழ ஒரு முழுப் பகல் ரயிலில் போய்விடும்.