கம்பெனி மேகசினா, வெளி மேகசினா? ஒரு மில்லிமீட்டர் சுவரின் கணக்கு

கைத்துப்பாக்கி சுடும்போது பாதியில் சிக்கி நின்றால், அதைப் பிரித்துப் பார்ப்பதற்கு முன் வேறொரு மேகசினைப் போட்டுப் பார்க்க வேண்டும். தோட்டா ஊட்டத்தில் வரும் கோளாறுகளுக்கு முதலில் சந்தேகப்பட வேண்டியது மேகசினைத்தான். பலர் அதை வெறும் தோட்டாப் பெட்டி என்று நினைக்கிறார்கள். உண்மையில் அது ஓர் இயங்கும் உறுப்பு. கழன்று வருவதும், கான்கிரீட் தரையில் விழுவதும், மண் புகுவதும் அதற்குத்தான் அதிகம்.

அமெரிக்காவில் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று: துப்பாக்கி செய்த கம்பெனியின் மேகசினையே வாங்குவதா, மற்றவர்கள் செய்து விற்கும் வெளி மேகசின் போதுமா? பெயரை மட்டும் பார்த்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. உள்ளே நடப்பதைத் தெரிந்துகொண்டால் பதில் தானாகக் கிடைக்கும்.

உறுப்புகள் ஐந்துதான். தோட்டாக்களைத் தாங்கும் உடல். அதன் மேல்விளிம்பில் உட்பக்கமாக வளைந்து, தோட்டா தெறித்துவிடாமல் பிடித்திருக்கும் இரண்டு உதடுகள். தோட்டாக்களைத் தாங்கி மேலே தள்ளும் ஃபாலோயர். அதன் கீழே ஸ்பிரிங். ஸ்பிரிங்கை உள்ளே அடக்கி வைக்கும் அடித்தட்டு. ஒரு தோட்டா வெடித்ததும் துப்பாக்கியின் நகரும் மேல்பகுதியான ஸ்லைடு பின்னால் போகிறது, வெற்றுக்கூட்டை வெளியே எறிகிறது, திரும்பி வரும்போது மேகசினின் மேல் தோட்டாவைக் குழலின் பின்முனையிலுள்ள அறைக்குள் தள்ளுகிறது. அந்தத் தோட்டா ஸ்லைடு திரும்பி வருவதற்குள் மேலே வந்து நிற்க வேண்டும்.

எவ்வளவு வேகமாக? தொடர்ச்சியாகச் சுடும் கிளாக் 18 நிமிடத்துக்குச் சுமார் 1,200 தோட்டா வேகத்தில் இயங்கக்கூடியது. அப்படியானால் ஒரு முழுச் சுற்றுக்கு 50 மில்லி நொடி. அதில் ஸ்லைடு மேகசினுக்குப் பின்னால் ஒதுங்கி வழிவிடும் நேரம் ஒரு சிறு பகுதிதான். அதை 10 மில்லி நொடி என்று வைத்துக்கொள்வோம். ஒரு 9 மி.மீ தோட்டா சுமார் 12 கிராம். 17 தோட்டா சேர்ந்தால் ஏறக்குறைய 200 கிராம். அந்த அடுக்கு முழுவதும் 6 மி.மீ உயர வேண்டுமானால், புவியீர்ப்பைப் போல் சுமார் 12 மடங்கு முடுக்கம் வேண்டும். அதற்கே 24 நியூட்டன் விசை, அதாவது இரண்டரை கிலோ எடையைத் தாங்கும் அளவு. உள்சுவரின் உராய்வு இதற்கு மேல். ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலோ சுவர் சொரசொரப்பாக இருந்தாலோ தோட்டா பாதி வழியில் நிற்கும்போதே ஸ்லைடு வந்துவிடும். அப்போது ஸ்லைடு தோட்டாவின் பிட்டத்தைத் தள்ளாமல் அதன் நடு உடம்பில் ஏறி நிற்கும்.

இதில் முதல் தோட்டாவும் கடைசித் தோட்டாவும்தான் சோதனைக்காரர்கள். முழுதாக நிரப்பிய மேகசினில் ஸ்பிரிங் மிகவும் அழுந்தியிருக்கிறது. மேல் தோட்டா ஸ்லைடின் அடிப்பாகத்தைப் பலமாக உரசி அதன் வேகத்தைக் குறைக்கிறது. கடைசித் தோட்டாவின்போது ஸ்பிரிங் நீண்டு பலம் குறைந்திருக்கிறது. ஆனால் அப்போதுதான் ஃபாலோயர் ஸ்லைடு பூட்டின் நெம்புகோலையும் தூக்கியாக வேண்டும். காலியானதும் ஸ்லைடு பின்னால் பூட்டிக்கொண்டு நிற்காவிட்டால், முதலில் சந்தேகிக்க வேண்டியது இந்த ஸ்பிரிங்கை.

வெளி மேகசின் செய்பவர்களின் பெரிய விற்பனைச் சொல் 'கூடுதல் தோட்டா'. அது எங்கிருந்து வருகிறது என்பது அழகான வடிவியல்.

9 மி.மீ தோட்டாவின் அடிவிட்டம் ஏறத்தாழ 10 மி.மீ. மேகசினின் உள் அகலமும் 10 மி.மீ என்றால் தோட்டாக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும். ஒவ்வொன்றுக்கும் 10 மி.மீ உயரம் வேண்டும். அகலம் கூடினால் அவை இடமும் வலமுமாக விலகி ஒன்றின் பள்ளத்தில் மற்றொன்று உட்காரும். பிதாகரஸ் தேற்றம் போதும்: உள் அகலம் 16 மி.மீ என்றால் ஒரு தோட்டாவுக்கு 8 மி.மீ உயரம், 17 என்றால் 7.1, 18 என்றால் 6. 100 மி.மீ உயரமுள்ள இடத்தில் இவை முறையே 12, 13, 16 தோட்டாக்களுக்கு இடம் தரும். வெளி அளவைத் தொடாமல், இரு பக்கச் சுவரிலும் ஒரு மில்லிமீட்டர் குறைத்தால் மட்டுமே நான்கு தோட்டா கூடுகிறது. அதிலும் 18ஐ நெருங்கும்போது ஒவ்வொரு கூடுதல் மில்லிமீட்டரும் முந்தையதைவிட அதிகம் கொடுக்கிறது.

2019இல் வந்த கிளாக் 43எக்ஸ் இதற்குச் சரியான உதாரணம். ஒல்லியான பிடி, தடித்த பிளாஸ்டிக் சுவருள்ள மேகசின், 10 தோட்டா. ஷீல்டு ஆர்ம்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் அதே பிடிக்குள் போகும் எஃகு மேகசினைச் செய்தது. பெயர் எஸ்15, கொள்ளளவு 15. மெல்லிய எஃகுத் தகடுதான் இரகசியம்.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. மேகசினைப் பிடித்து நிறுத்தும் கிளாக்கின் கொக்கி பாலிமரால் (ஒருவகை பிளாஸ்டிக்) ஆனது. பிளாஸ்டிக் உடலைப் பிடிக்கச் செய்தது. எஃகு மேகசினின் கூர்மையான துளை விளிம்பு அதை அரித்துவிடும். கொக்கி தேய்ந்தால் சுடும்போது மேகசின் தானாகக் கழன்று விழும். அதனால் எஸ்15 வாங்குபவர் எஃகுக் கொக்கியும் மாட்டியாக வேண்டும். எஃகுக் கொக்கி மாட்டிய பின் பழைய கம்பெனி மேகசினைப் போட்டால், இப்போது கொக்கி பிளாஸ்டிக்கை அரிக்கும். இரண்டையும் கலந்து பயன்படுத்தக் கூடாது. இந்த விவரம் தெரியாமல் மேகசினை மட்டும் வாங்கியவர்கள் துப்பாக்கியைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

உடலின் பொருளும் முக்கியம். கிளாக் 17இன் கம்பெனி மேகசினைத் தொட்டால் பிளாஸ்டிக்தான், ஆனால் உள்ளே எஃகு உறை இருக்கிறது. ஆரம்பகால மேகசின்களில் அந்த உறை முழுமையாக இல்லை. நிரப்பியதும் பக்கங்கள் சற்று உப்பி, மேகசினை விடுவிக்கும் பொத்தானை அழுத்தினாலும் தானாக விழாது. பிறகு முழு எஃகு உறை வந்தபின் அந்தக் குறை தீர்ந்தது. மேக்புல் நிறுவனம் 2015இல் கொண்டுவந்த பிமேக் முழுக்கப் பாலிமர். உதடுகளிலும் எஃகு இல்லை. விலை குறைவு, பயிற்சிக்கு நன்றாகவே உழைக்கிறது. ஆனால் பாலிமருக்கு ஊர்தல் என்ற குணம் உண்டு: இடைவிடாத அழுத்தத்தில், குறிப்பாக வெப்பத்தில், மெல்ல மெல்ல வடிவம் மாறும். நிரப்பி மாதக்கணக்கில் வைக்கப்போகும் மேகசினுக்கு எஃகு உதட்டையே தேர்ந்தெடுப்பது நல்லது. எஃகு உதட்டிலும் கவனம் வேண்டும். விழுந்து வளைந்தாலோ, வெப்பப் பதப்படுத்தல் சரியில்லாமல் விரிந்தாலோ, தோட்டா முன்கூட்டியே விடுபட்டு மேலே எகிறும். இரண்டு தோட்டா ஒன்றாக நுழையப் பார்க்கும். நல்ல மேகசின் ஒன்றின் உதட்டு இடைவெளியை வெர்னியர் காலிப்பரில் அளந்து குறித்துவைத்தால், பிறகு ஒப்பிட உதவும்.

உதட்டின் வடிவம் எவ்வளவு முக்கியம் என்பதை 1911 வகைத் துப்பாக்கியில் பார்க்கலாம். அதன் மூல ராணுவ மேகசின் ஏழு தோட்டா கொள்ளும். உதடுகள் முன்னோக்கிச் சரிவாக விரிவதால் தோட்டாவின் பின்பக்கம் படிப்படியாகவே விடுபடுகிறது. அதன் விளிம்பு அந்த நேரத்தில் வெற்றுக்கூட்டை இழுத்தெடுக்கும் எக்ஸ்ட்ராக்டர் கொக்கிக்குள் கீழிருந்து வழுக்கி ஏறுகிறது. இலக்குப் போட்டிக்கான தட்டைமுனைத் தோட்டாக்கள் குட்டையானவை. அவற்றுக்காகச் செய்த மேகசின்களில் உதடு இணையாக ஓடி, தோட்டாவைச் சட்டென்று முன்கூட்டியே விடும். இரண்டும் தவறில்லை, சுடும் தோட்டாவுக்குப் பொருந்த வேண்டும். மூல ஃபாலோயரில் ஒரு சிறு புடைப்பும் உண்டு. கடைசித் தோட்டா அதிர்வில் முன்னால் நழுவாமல் தடுப்பது அதுதான். எட்டுத் தோட்டா நுழைக்க விரும்பிய சில வெளி மேகசின்கள் ஃபாலோயரை மாற்றி, அந்தப் புடைப்பை நீக்கிவிட்டன. ஸ்பிரிங்கும் தளர்ந்தால் கடைசித் தோட்டா உதட்டைவிட்டு முன்னே ஓடிவிடும். அப்புறம் எக்ஸ்ட்ராக்டர் அதன் விளிம்பின்மேல் தாவிப் பிடிக்க வேண்டும். 1911இன் எக்ஸ்ட்ராக்டர் அந்த வேலைக்குச் செய்யப்பட்டதல்ல.

மேற்பூச்சு ஒரு போர்க்களப் பாடத்தையே தந்திருக்கிறது. 2003இல் ஈராக்கில் அமெரிக்கப் படையினரின் எம்9 கைத்துப்பாக்கிகள் சிக்கின. துப்பாக்கி பெரெட்டாவுடையது, ஆனால் பல மேகசின்கள் தனி ஒப்பந்தத்தில் வேறு இடத்தில் செய்தவை. ராணுவம் கேட்டபடியே உள்ளும் புறமும் சொரசொரப்பான பாஸ்பேட் பூச்சு. துருவைத் தடுக்கும் அந்தப் பூச்சு மாவு போன்ற பாலை மணலையும் பிடித்துவைத்தது. ஃபாலோயர் மேலே ஏற முடியாமல் நின்றது. பின்னர் வழவழப்பான பூச்சுள்ள மேகசின்கள் வந்தன. பழி துப்பாக்கியின்மேல் விழுந்தது, குறை ஒரு மெல்லிய படலத்தில் இருந்தது.

'கம்பெனி' என்ற சொல்லையும் கொஞ்சம் விசாரிக்க வேண்டும். இத்தாலியின் மெக்-கார், புகழ்பெற்ற பல துப்பாக்கி நிறுவனங்களுக்கு மேகசின் செய்துகொடுக்கிறது. தன் பெயரிலும் விற்கிறது. பெரெட்டா 92க்கு அதே நீளத்தில் 18 தோட்டா கொள்ளும் மேகசின் அவர்களிடம் உண்டு; வழக்கமானது 15. இப்படிப்பட்டதை வெளி மேகசின் என்று ஒதுக்குவது வீண்.

கொள்ளளவில் சட்டமும் குறுக்கிடும். 1994 முதல் 2004 வரை அமெரிக்கா முழுவதும் புதிய மேகசின்களுக்கு 10 தோட்டா வரம்பு இருந்தது. இப்போது மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது: கலிஃபோர்னியா, நியூயார்க் போன்றவற்றில் 10, கொலராடோவில் 15. வாங்கும் முன் இதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எதை வாங்கினாலும் சோதிக்காமல் நம்பக் கூடாது. துப்பாக்கி அறை காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்த பிறகு, காலி மேகசினைப் போட்டு ஸ்லைடை இழுத்துப் பாருங்கள். பத்து முறையும் பூட்டி நிற்க வேண்டும். பொத்தானை அழுத்தினால் தன் எடையிலேயே விழ வேண்டும். அடுத்து, வெடிமருந்தில்லாத போலித் தோட்டாக்களால் முழுதாக நிரப்பி மேல் தோட்டாவைக் கட்டை விரலால் அழுத்துங்கள். சில மில்லிமீட்டராவது இறங்க வேண்டும். அந்த இடம் இல்லாவிட்டால், ஸ்லைடு மூடியிருக்கும்போது மேகசின் முழுதாக ஏறி மாட்டாது. மாட்டியதுபோல் தோன்றி முதல் குண்டோடு கழன்று விழும். அந்த மேகசினை மட்டும் அப்படியே இடுப்பு உயரத்திலிருந்து அடித்தட்டு கீழாக விழவிட்டால், தட்டு கழலவோ தோட்டா தெறிக்கவோ கூடாது. தோட்டா எண்ணிக்கையைக் கூட்டும் நீட்டிப்பு அடித்தட்டுகளில் இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது. அவற்றுக்கு நீளமான ஸ்பிரிங்கும் தேவை.

பிறகு சுடும் களத்தில், நிரப்பியதிலிருந்து காலியாகும்வரை ஐந்து சுற்றாவது ஒரே மேகசினில் சுட வேண்டும். தற்காப்புக்கு வைத்திருக்கும் குழிமுனைத் தோட்டா வேறு என்றால் அதிலும் இரண்டு சுற்று. ஸ்லைடைக் கையால் மெதுவாக இழுத்து ஊட்டிப் பார்ப்பது இதற்கு ஈடாகாது. அதில் அந்த 10 மில்லி நொடி நெருக்கடி இல்லை.

நிரப்பியே வைத்தால் ஸ்பிரிங் செத்துவிடும் என்ற பயம் பெரும்பாலும் தேவையற்றது. மீள்திறன் எல்லைக்குள் அழுந்தும்படி செய்த ஸ்பிரிங் அழுந்திய நிலையில் அதிகம் தளராது. திரும்பத் திரும்ப அழுந்தி விரிவதே அதைத் தேய்க்கும். எல்லைவரை நெருக்கி நிரப்பும் கூடுதல் கொள்ளளவு மேகசின்களில் மட்டும் ஒன்றிரண்டு தோட்டா குறைத்து வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. உள்ளே எண்ணெய் விடாதீர்கள். துடைத்து உலர்வாக வைத்தால் போதும், ஈரம் தூசியை இழுக்கும்.

ஒவ்வொரு மேகசினின் அடியிலும் பெயிண்ட் பேனாவால் ஓர் எண் எழுதிவையுங்கள். மூன்றாம் எண் மட்டும் இரண்டு முறை சிக்கினால், துப்பாக்கியைத் தொடத் தேவையில்லை. முதலில் அதன் ஸ்பிரிங்கை மாற்றுங்கள். அப்போதும் சிக்கினால் மூன்றாம் எண்ணைக் குப்பையில் போடுங்கள்.