தக்காளியின் அடி கறுத்தால் மருந்தைத் தேடாதீர்கள்

இந்த வாரமும் அதே படம் வந்தது. ஒரே கொத்தில் நாலு காய், நாலுக்கும் அடியில் கறுப்பு வட்டம். ஏற்கெனவே இரண்டு மருந்து அடித்தாயிற்றாம், மூன்றாவதாக எதை அடிக்கலாம் என்று கேள்வி. தோட்டக்கலை ஆலோசனை சொல்லும் வேலையில் இருக்கிறேன். புதிதாகத் தக்காளி வைப்பவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான்.

அது பூச்சியும் இல்லை, பூஞ்சையும் இல்லை. பக்கத்துச் செடிக்குத் தொற்றவும் தொற்றாது. நுனி அழுகல் என்போம். காம்புக்கு எதிர்ப்பக்கம், பூ இருந்த இடத்தில், முதலில் நீர் கோத்த மாதிரி ஒரு புள்ளி விழும். அப்புறம் அது பழுப்பாகி, கறுத்து, உள்வாங்கி, பதப்படுத்திய தோல் மாதிரி தடித்துவிடும். ஓட்டையும் புழு எச்சமும் தெரிந்தால் அது காய்ப்புழு, அதன் கதை வேறு.

காய்க்குக் கால்சியம் போய்ச் சேராததுதான் காரணம். இதைச் சொன்னவுடன் "அப்போ முட்டை ஓடு போடட்டுமா?" என்பார்கள். போடுவதால் கெடுதல் இல்லை, ஆனால் அது மட்கிச் செடிக்குக் கிடைக்க மாதக்கணக்கில் ஆகும். அதோடு, பெரும்பாலும் மண்ணில் கால்சியம் இருக்கத்தான் செய்கிறது. அது தண்ணீரோடு சேர்ந்துதான் வேரிலிருந்து மேலே ஏறும். இலைகள் பகல் முழுக்க நீரை ஆவியாக்கி இழுத்துக்கொண்டே இருப்பதால் அவற்றுக்குத் தாராளமாகக் கிடைக்கிறது. காய் வழியாக ஆவியாகும் நீர் மிகக் குறைவு, அதனால் அதன் பங்கும் குறைவு. செடி வைத்த தொட்டியில் மண் காய்ந்தால் முதலில் பட்டினி கிடப்பது காய்தான். இரண்டு நாள் மறந்துவிட்டு மூன்றாம் நாள் வாளி வாளியாக ஊற்றினால் கறுத்த காய் தேறாது. கால்சியத்தை இலையில் தெளித்தும் பெரிய பலன் இல்லை. இலைக்குப் போனது அங்கிருந்து காய்க்கு இறங்குவது அபூர்வம். யூரியாவை அள்ளிப் போட்டால் இலை தழைக்கும், நுனி அழுகலும் கூடும்.

பூச்சிமருந்து இதில் செய்ய ஒன்றுமே இல்லை. பறித்த கையோடு வாயில் போடுகிற காய் அது, பிள்ளைகளும் சாப்பிடுவார்கள். தயவுசெய்து நிறுத்துங்கள். அடித்துவிட்டீர்கள் என்றால், தெளித்தபின் எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்று லேபிளில் போட்டிருக்கும், படியுங்கள். லேபிளில் தக்காளியின் பெயரே இல்லையா? இருக்கிற காய்களை எறிந்துவிடுங்கள்.

செடிக்கு ஒன்றாக, 15 முதல் 20 லிட்டர் கொள்ளளவுள்ள தொட்டி வேண்டும், அடியில் துளைகளோடு. சின்னத் தொட்டி ஒரே வெயிலில் காய்ந்துவிடும். மண்மேல் காய்ந்த இலையோ வைக்கோலோ மூடாக்காகப் போடுங்கள். தண்ணீரை மணி பார்த்து ஊற்றாமல், விரலை இரண்டு அங்குலம் உள்ளே விட்டுப் பாருங்கள். ஈரம் இல்லையென்றால் அடித்துளையில் வடியும்வரை ஊற்றுங்கள். கறுத்த காய்களைக் கிள்ளி எடுத்துவிடுங்கள். பெரும்பாலும் முதல் கொத்துகளில்தான் இது வரும், ஈரம் சீரானால் அடுத்தவை நன்றாகவே காய்க்கும். மருந்து படாத காயில் கறுத்த பகுதியை வெட்டிவிட்டு மீதியைச் சமைக்கலாம், பூசணம் பிடித்திருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

உச்சி வெயிலில் இலை தொங்குகிறதே என்று உடனே குடத்தைத் தூக்காதீர்கள். மாலையில் தானாக நிமிர்ந்தால் செடி நன்றாக இருக்கிறது. மறுநாள் காலையிலும் தொங்கினால் மண்ணைத் தொட்டுப் பாருங்கள்: காய்ந்திருந்தால் ஊற்றுங்கள், சொதசொதவென்று இருந்தால் ஊற்றுவதை நிறுத்திவிட்டு அடித்துளை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.