உடைந்த சைடு பேனலில் பசையைத் தொடுமுன்

காரைக்குடியில் பழைய மோட்டார் சைக்கிள்களின் பிளாஸ்டிக் பாகங்களைச் சீர்செய்து வண்ணம் பூசுவதைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். பட்டறைக்கு வரும் சைடு பேனல் (வண்டியின் பக்கவாட்டு மூடி), ஹெட்லைட் டூம் (முன்விளக்குக் கூடு), டெயில் பேனல் (பின்புற மூடி) ஆகியவற்றில், இனி மீட்க முடியாது என்று நான் திருப்பி அனுப்புபவை மிகக் குறைவு. அவற்றிலும் பெரும்பாலானவை, உடைந்த அன்று மாலையே கைக்குக் கிடைத்த பசையை யாரோ தடவியதால் வீணானவை. விளிம்புகள் சரியாகப் பொருந்தாமல் கோணலாக ஒட்டி, வெள்ளை பூத்து இறுகிப்போன பசையைச் சுரண்டி எடுக்கும்போது மூலப் பிளாஸ்டிக்கும் அதனுடன் சேர்ந்து போய்விடுகிறது. பேனல் உடைந்தால் முதலில் செய்ய வேண்டியது, நகக்கண் அளவுள்ள சில்லுகள் உட்பட எல்லாத் துண்டுகளையும் பொறுக்கி ஒரு பையில் போட்டுக் கட்டி வைப்பதுதான். ஒட்டுவதற்கு அவசரமே இல்லை.

செட்டிநாட்டில் இந்த வேலைக்குத் தனிக் காரணம் உண்டு. கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், தேவகோட்டை போன்ற ஊர்களில் ஆண்டின் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கும் வீடுகளில், அப்பச்சி (இப்பகுதி வழக்கில் அப்பா) வாங்கி ஓட்டிய வண்டி ஏதோ ஒரு கொட்டகையில் நின்றுகொண்டிருக்கும். கல்யாணத்திற்கோ, முன்னோரை வழிபடும் படைப்பிற்கோ குடும்பம் ஊர் திரும்பும்போது பிள்ளைகளுக்கு அதன்மேல் ஆசை பிறக்கிறது; கழுவுவதற்காகப் பேனலைப் பிடித்து இழுக்கிறார்கள்; கொக்கி உடைகிறது. ஜாவா, யெஸ்டி, புல்லட் போன்ற முந்தைய தலைமுறை வண்டிகளில் பக்கவாட்டுப் பெட்டிகள் தகரத்தால் ஆனவை என்பதால் அவை டிங்கர் வேலைக்குப் போகும். 1985இல் வந்த ஹீரோ ஹோண்டா சிடி 100, அதே ஆண்டு தொடங்கி 1996 வரை விற்பனையான யமஹா ஆர்எக்ஸ் 100 போன்ற ஜப்பானிய வழி வண்டிகளோடுதான் பிளாஸ்டிக் பேனல்கள் இங்கே பரவலாயின. (2021ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிப்படி, 50 ஆண்டுகளைக் கடந்த வண்டிக்கே விண்டேஜ் (பழம்பெரும் வண்டி) பதிவு கிடைக்கும்; நம்மூர் ஆர்எக்ஸ் 100 உரிமையாளர்கள் அந்தச் சொல்லைப் பெருமைக்காகப் பயன்படுத்தலாம், பதிவுக்கு இன்னும் காத்திருக்க வேண்டும்.)

பேனல் உடைவதற்கு விபத்தைவிடப் பெரிய காரணம் ரப்பர் புஷ்தான். பேனலின் உட்புறத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் குமிழ், சட்டகத்திலோ டேங்கின் அடியிலோ உள்ள ரப்பர் புஷ்ஷுக்குள் அமர்ந்திருக்கும். புதிய ரப்பர் அதிர்வை வாங்கிக்கொள்ளும், இழுத்தால் வழிவிடும். பல ஆண்டு வெயிலும் என்ஜின் சூடும் பட்ட ரப்பர் மரம்போல இறுகிவிடுவதால், இழுக்கிற விசை முழுவதும் குமிழின் அடிப்பகுதிக்குப் போகிறது. புஷ் இல்லாமலே பேனலை மாட்டி, ஆட்டம் தெரியாமலிருக்கத் திருகாணியை இன்னும் இறுக்கி வைத்திருக்கும் வண்டிகளில் திருகாணித் துளையைச் சுற்றி நட்சத்திர வடிவில் விரிசல் ஓடும். எனவே எத்தனை நேர்த்தியாகச் சீர்செய்தாலும், பழைய புஷ்ஷிலேயே திரும்ப மாட்டினால் அதே இடத்தில் உடையும். மலிவான அந்த ரப்பரை வாங்கச் சொன்னால் முகம் சுளிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இரண்டாவது காரணம் வெயில். இந்தப் பேனல்களில் பெரும்பாலானவை ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக்கினால் ஆனவை. அதனுள் நுண்ணிய ரப்பர் துகள்கள் கலந்திருப்பதால்தான் அது அடி தாங்குகிறது. புற ஊதாக் கதிர்களும் காற்றும் சேர்ந்து முதலில் சிதைப்பது அந்த ரப்பரைத்தான். அதனால் வண்ணம் உரிந்த இடங்களில் மேற்பரப்பு மஞ்சளித்து நொறுங்கத் தொடங்குகிறது. மூன்றாவதாக, கவனக்குறைவாகச் சிந்தும் திரவங்களைச் சொல்ல வேண்டும். பெட்ரோல், டிஸ்க் பிரேக் எண்ணெய், திருகாணி கழலாமலிருக்கப் போடும் லாக் பசை ஆகியவை, ஏற்கெனவே இறுக்கத்தில் இருக்கும் ஏபிஎஸ்ஸில் மெல்லிய விரிசல்களை உண்டாக்கக் கூடியவை. பேனல் திருகாணிக்கு லாக் பசை போடும் வழக்கத்தை மெக்கானிக்குகள் கைவிட வேண்டும். வாஷரும், திருகாணி அளவுமீறி இறுகாமல் தாங்கும் சிறு குழலான காலரும் சரியான உயரத்தில் இருந்தால் போதும்.

சீர்செய்யும் வேலை, பிளாஸ்டிக் எது என்று அறிவதில் தொடங்குகிறது. பேனலின் உட்புறத்தில் இரு அம்புக்குறிகளுக்கு நடுவே ஏபிஎஸ் அல்லது பிபி என்ற ஆங்கில எழுத்துகள் வார்க்கப்பட்டிருந்தால் வேலை எளிது. பழைய பாகங்கள் பலவற்றில் அது இருக்காது. அப்போது வண்ணத்தைச் சுரண்டிய ஒரு சிறு சில்லைத் தண்ணீரில் போட்டு, காற்றுக்குமிழ் ஒட்டாதபடி விரலால் அழுத்திப் பார்க்கலாம். பாலிப்ரொப்பிலீன், அதாவது பிபி, தண்ணீரைவிட இலேசானது. அதன் அடர்த்தி சுமார் 0.9 என்பதால் மிதக்கும். ஏபிஎஸ்ஸின் அடர்த்தி சுமார் 1.05 என்பதால் மூழ்கும். நைலானும், கண்ணாடி இழையை ரெசினில் இறுக்கிச் செய்யும் ஃபைபரும்கூட மூழ்குபவையே. ஆகவே அடுத்த சோதனையாக, வெளியே தெரியாத உட்பகுதியில் அசிட்டோன் என்ற கரைப்பானை ஒரு சொட்டு வைத்துப் பார்க்க வேண்டும். ஏபிஎஸ் சற்று நேரத்தில் இளகி விரலில் பிசுபிசுக்கும், பிபி அசைந்துகொடுக்காது. சில்லைக் கொளுத்தி வாசனை பார்க்கும் பழைய வழக்கமும் உண்டு. அதை நான் பரிந்துரைப்பதில்லை. எரியும் ஏபிஎஸ்ஸிலிருந்து வரும் கரும்புகையில் ஹைட்ரஜன் சயனைடும் இருக்கும். தண்ணீரும் அசிட்டோனும் சொல்லாத எதையும் அந்தப் புகை புதிதாகச் சொல்லிவிடப் போவதில்லை.

ஏபிஎஸ் என்று உறுதியானால் அதை ஒட்டுவதற்குப் பதிலாகக் கரைத்து ஒன்றாக்கிவிடலாம். அதே வகைப் பேனலின் உதவாத துண்டுகளை வண்ணம் முழுவதும் போகத் தேய்த்து, பொடியாக நறுக்கி, கண்ணாடிப் புட்டியில் அசிட்டோன் ஊற்றி ஊறவைத்தால் ஓரிரவில் தேன் பதத்தில் கூழாகிவிடும். விரிசலின் நுனியைக் கண்டுபிடித்து அங்கே 2 மில்லிமீட்டர் அளவில் ஒரு துளை போடுவது முக்கியம். அந்தத் துளை இல்லையென்றால் மேலே பூசிய வண்ணத்தின் அடியில் விரிசல் தன் பயணத்தைத் தொடரும். பிறகு விளிம்புகளைத் தூசி, எண்ணெய்ப் பசை, மெழுகுப் பாலிஷ் எதுவும் இல்லாமல் சோப்பு நீரில் கழுவி உலர்த்தி, இரு பக்கமும் அசிட்டோனைத் தூரிகையால் தொட்டு, இளகியதும் பொருத்தி, வெளிப்புறம் டேப் ஒட்டி நிறுத்த வேண்டும். உட்புறத்தில் விரிசலின் நெடுகிலும் பேனலின் கனத்தில் பாதிக்குமேல் போகாதபடி வி வடிவத்தில் பள்ளம் கீறி, அந்தக் கூழை மெல்லிய அடுக்குகளாக நிரப்ப வேண்டும். ஒரே முறையில் கொட்டி நிரப்பினால் உள்ளே சிக்கிய அசிட்டோன் வெளியேறும்போது கூழ் சுருங்கி, பேனலையே வளைத்துவிடும்.

இந்த வேலையில் திறமையைவிடப் பொறுமைக்கே அதிக இடம். தொட்டால் காய்ந்தது போலத் தெரிகிற கூழ் உள்ளே பல நாட்கள் சுருங்கிக்கொண்டிருக்கும். ஒரு நாளில் பட்டி பார்த்து மறுநாள் வண்ணம் அடித்துத் தரும் பேனல், வாங்கும்போது கண்ணாடிபோல இருந்தாலும், சில வாரங்களில் விரிசல் இருந்த கோடு அப்படியே மேலே எழும்பிவிடும். கோடு தெரிகிறது என்று என்னிடம் வருகிற பேனல்களில் பெரும்பாலும் ஒட்டில் குறையில்லை, காத்திருக்காததுதான் குறை. அழுத்தம் விழுகிற இடங்களில் உட்புறமாக நுண்ணிய ஸ்டெயின்லெஸ் கம்பி வலையைக் கூழுக்குள் பதிப்பேன். ஹாட் ஸ்டேப்ளர் வைத்திருப்பவர்கள் அலைவடிவப் பின்களைச் சூடாக்கி விரிசலின் குறுக்கே இறக்கலாம். பேனலின் கனமே 2 முதல் 3 மில்லிமீட்டர்தான் என்பதால் அந்தப் பின்கள் வெளிப்பக்கம் வரை போய்விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சாதாரண சால்டரிங் அயர்னால் உருக்கி இழுப்பவர்கள், புகை கிளம்பினால் சூடு கூடிவிட்டது, பிளாஸ்டிக் கருகுகிறது என்று அறிந்து உடனே எடுத்துவிட வேண்டும்.

உடைந்த குமிழைத் திரும்ப நிறுத்துவதுதான் எல்லாவற்றிலும் கடினமானது. பழைய குமிழ் கிடைத்தால் அதையே வைக்கலாம். கிடைக்காவிட்டால் உதவாத பேனல் ஒன்றிலிருந்து வெட்டி எடுக்க வேண்டும். வெறும் ஒட்டு அங்கே போதாது. குமிழின் நடுவே துளையிட்டு ஸ்டெயின்லெஸ் ஊசியோ மெல்லிய திருகாணியோ இறக்கி, அடிப்பகுதியைச் சுற்றிக் கூழால் சரிவாக அணைகட்ட வேண்டும். செங்குத்தாக விட்டால் அந்த முனையில்தான் அடுத்த உடைப்பு. கோணத்தைக் கண்ணால் மதிப்பிடக் கூடாது. புஷ்ஷைப் போட்டு, பேனலை வண்டியிலேயே மாட்டிப் பார்த்து, அந்த நிலையில்தான் குமிழை உறையவிட வேண்டும். இதற்காகத்தான் பேனலை மட்டும் பேருந்தில் கொடுத்து அனுப்பாமல் வண்டியையும் கொண்டுவாருங்கள் என்று கேட்கிறேன்.

பிபி பாகங்களில் மேற்சொன்ன எதுவும் எடுபடாது. அசிட்டோன் அதைக் கரைக்காது, இரண்டைக் கலந்து பூசும் எபாக்சி பசை பிடிக்காது, பட்டி ஒரு நாள் தோலாக உரிந்து வரும். அதே பிபியில் செய்த குச்சியைக் கொண்டு சூடான காற்றில் உருக்கி இணைப்பதும், ஹாட் ஸ்டேப்ளர் பின்களை இறக்குவதும்தான் வழி. வண்ணத்திற்கு முன் பிபிக்கென்றே உள்ள ப்ரைமர் கட்டாயம்.

“அண்ணே, ஒரு சொட்டு விட்டா நின்னுரும்ல?” என்று உடனடிப் பசையைக் காட்டிக் கேட்காத இளைஞர்கள் அரிது. நிற்கும், மேசைமேல் வைத்திருந்தால். அந்தப் பசையான சயனோஅக்ரிலேட், உறைந்தால் விறைப்பானது. டூ ஸ்ட்ரோக் என்ஜினின் அதிர்வை அது தாங்காது. சமையல் சோடாவைத் தூவி மேலே பசை விடும் உத்தி காணொளிகளில் அழகாக இருக்கிறது; நொடியில் கல்லாக இறுகுவதும் உண்மைதான். அந்தக் கல்லுக்கும் அதைச் சுற்றியுள்ள வளையும் பிளாஸ்டிக்கிற்கும் இடையில்தான் புதிய விரிசல் பிறக்கிறது. கலக்கும்போது சூடும் கண்ணைக் கரிக்கும் ஆவியும் கிளம்பும். அந்தப் பசை பருத்தித் துணியில் கொட்டினால் தோலைச் சுடும் அளவுக்குச் சூடேறும் என்பதையும் சொல்லியாக வேண்டும். வேட்டி, கைலி கட்டிக்கொண்டு மடியில் வைத்து ஒட்டுகிறவர்கள் கவனிக்கவும்.

ஃபைபர் வேலை செய்யும் பட்டறைகளுக்கு ஓர் எச்சரிக்கை தனியாக உண்டு. பாலியஸ்டர் ரெசினோடு கலக்கும், இறுகுவதை விரைவாக்கும் கோபால்ட் திரவத்தையும் இறுகவைக்கும் ஹார்டனரையும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது. தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலக்கி முடித்த பிறகே ஹார்டனரைச் சேர்க்க வேண்டும். இரண்டையும் அருகருகே, ஒரே மாதிரிப் புட்டிகளில் வைக்கக் கூடாது. ஹார்டனர் ஒரு துளி கண்ணில் பட்டாலும் பார்வையே போகலாம். உடனே குறைந்தது 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிக்கொண்டு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். பாதுகாப்புக் கண்ணாடி அணியாத பையனை அந்த வேலையில் நிறுத்தும் முதலாளிக்கு மன்னிப்பே கிடையாது என்பது என் கருத்து. அசிட்டோனும் அப்படித்தான்: அதன் ஆவி பூஜ்யத்துக்குக் கீழ் 20 டிகிரியிலேயே தீப்பொறிக்குக் காத்திருப்பது, நம்மூர்ச் சித்திரை வெயிலில் மூடியில்லாத புட்டி எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

வண்ணம் அடிப்பதில் மூன்றே செய்திகள். பழைய வண்ணத்தை எடுக்கத் தின்னரையோ பெயிண்ட் ரிமூவரையோ ஏபிஎஸ்மேல் ஊற்றாதீர்கள். உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து 400, 600, 800 என்று படிப்படியாகத் தேயுங்கள். ஹார்டனர் கலந்து அடிக்கும் டூ-கே பெயிண்ட்டின் ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவை உண்டாக்கக் கூடியது; மூக்கில் கட்டும் துணியோ தூசி மாஸ்க்கோ அதைத் தடுக்காது. அடித்த பேனலை வடகம் காயவைப்பதுபோல முற்றத்து வெயிலில் பரப்புவதும் வேண்டாம். ஏபிஎஸ் சுமார் 100 டிகிரியில்தான் முழுதாக இளகும் என்றாலும், சுடும் தரையில் ஒரு பக்கம் மட்டும் சூடேறும் மெல்லிய பேனல் அதற்கு வெகுமுன்பே கோணிக்கொள்ளும். நிழலும் காற்றோட்டமும் போதும்.

புதிய நகல் பேனல் மலிவாகக் கிடைக்கும்போது இத்தனை பாடு எதற்கு என்று கேட்பவர்களுக்கு, காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் வாங்க வருபவர்கள் எதைத் தேடி வருகிறார்கள் என்று பார்க்கச் சொல்வேன்; அசலைத் தேடித்தான். நகல் பேனல்களில் பல, குமிழ் ஓரிடம், புஷ் ஓரிடம் என்று நிற்பவை. பிளாஸ்டிக்கின் கனமும் குறைவு. ஆயினும் வெயிலில் முற்றிலும் நைந்து, விரலால் அழுத்தினாலே பொடியும் மூலப் பேனலைக் காப்பாற்ற முயல்வதும் வீண்செலவே. அப்போது நகலையே வாங்கச் சொல்லிவிடுகிறேன்.

பேனலைத் திரும்ப மாட்டும்போது புதிய புஷ்ஷில் சோப்புத் தண்ணீரைத் தடவுங்கள். கிரீஸ், எண்ணெய் வேண்டாம், அவை ரப்பரை உப்பவைக்கும். குமிழ்களை ஒவ்வொன்றாக உள்ளங்கையால் அழுத்தி அமர்த்திய பிறகே திருகாணியைப் போட வேண்டும். கழற்றும்போது பேனலின் ஓரத்தைப் பிடித்து இழுக்காமல், குமிழ் இருக்கும் இடத்திற்கு நேர்ப்பின்னே விரலை நுழைத்து நேராக வெளியே தள்ள வேண்டும். வண்டியை எடுக்க வருபவர் என் கண்முன்னே ஒருமுறை அப்படிக் கழற்றி மாட்டிக் காட்டினால்தான் சாவியைக் கொடுக்கிறேன்.